ரீங்காரச்சிட்டின் நெற்றி

பிப்ரவரி 3, செவ்வாய்

ஈக்வடார் நாட்டு மிண்டோ ஊர்ப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: இன்று காலை பைரன் ஆகிய நான் போட்டிருந்த சிவப்புத் தொப்பியைப் பூ என்று நம்பி ஒரு ரீங்காரச்சிட்டு அலகை நுழைத்துப் பார்த்தது. உள்ளே தேன் இல்லை. "மூளையும் இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் யாதிரா அக்கா.

அவள் கீட்டோவில் பறவைகளைப் பற்றிப் படிக்கிறாள். மேட்டுக் காட்டுக் குழல்பூவில் வாய் வைக்கும் ஊதாச்சிட்டு என்ற ரீங்காரச்சிட்டு, மகரந்தம் சுமந்து போகிறதா, தேனை மட்டும் திருடிக்கொண்டு ஓடுகிறதா? இதுதான் அவளது ஆய்வு. பூவிலிருந்து கிளம்பும் பறவையின் நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் படம் வேண்டும். ஞாயிறு பஸ்ஸில் அவள் கீட்டோ திரும்புவதற்குள்.

"வில்மர்கிட்ட ஃபிளாஷ் இருக்கு, கேளுடா."

வகுப்புத் தோழனிடம் நான் கெஞ்சுவதா? "ஃபிளாஷெல்லாம் கோழைகளுக்கு" என்றேன்.

பிப்ரவரி 4

பறவை பறக்கிறது. கூடவே என் மானமும். படத்தில் இறக்கை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை.

பிப்ரவரி 5

ஷட்டர் வேகத்தை ஏற்றினேன். இறக்கை நின்றது, படம் இருண்டது. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, ஏற்றினேன், வெளிச்சம் வந்தது, கூடவே படம் முழுக்கப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். வில்மர் எட்டிப் பார்த்தான். "டேய், பறவைக்கு அம்மை போட்டிருக்கா?"

மேகம் எப்போது விலகும்? இந்த ஊரில் அது விலகியதுண்டா?

பிப்ரவரி 6

கிடைத்துவிட்டது! இறக்கை இரண்டும் விசிறி போல. புள்ளிகள் மட்டும் கொஞ்சம். கணினியில் ஏற்றி, புள்ளி நீக்கும் பட்டியை ஒரேயடியாகக் கடைசி வரை இழுத்தேன். கண்ணாடி மாதிரி சுத்தம்! வகுப்பு முழுவதற்கும் அனுப்பினேன். இனி என்னை 'மாயெஸ்த்ரோ', அதாவது மேதை, என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வில்மருக்கு உத்தரவும் போட்டேன்.

மாலை —

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "அழகா இருக்குடா. நெத்தியில ஒரு துளி மகரந்தம் இல்ல பாரு. திருட்டுப் பயதான். அப்படியே எழுதிடறேன்."

இல்லை... நெற்றியில் ஏதோ மஞ்சளாக இருந்ததே? மற்ற புள்ளிகள் படமெங்கும் சிதறியிருந்தன. அது அங்கே மட்டும். அசலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அசல் எங்கே? அதன் மேலேயே சேமித்துவிட்டேன். கேமரா கார்டிலிருந்தும் அழித்துவிட்டேன். ஐயோ, என்னடா பண்ணி வச்சிருக்க!

பிப்ரவரி 7, சனி

சொன்னால் வகுப்பே சிரிக்கும். சொல்லாவிட்டால் அக்கா பொய்யை எழுதுவாள், அவளுக்கே தெரியாமல். நான் வறுத்த வாழைக்காயை மிச்சம் வைத்ததைப் பார்த்து அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பறவை சுத்தமா இல்ல. நான்தான் கழுவிட்டேன்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"வில்மர் வீட்டுக்குப் போ. மூணு ஃபிளாஷும் வேணும். காலில விழுந்தாவது வாங்கிட்டு வா."

பிப்ரவரி 8, ஞாயிறு

ஃபிளாஷோடு வில்மரும் வந்தான். ஃபிளாஷை ஆகக் குறைந்த ஒளியில் வைத்தால் அது கண் சிமிட்டுவதைவிடச் சீக்கிரம் மின்னி அணையுமாம். இறக்கை அந்த மின்னலிலேயே உறைந்துவிடும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றவே வேண்டாம். புள்ளியே வராது. இவ்வளவுதானா? ஆமாம், இவ்வளவுதான்.

படம் வந்தது. ஊதாச்சிட்டின் நெற்றியில் மஞ்சள் பொட்டு, அழுத்தமாக. திருடன் இல்லை.

பஸ் ஏறும்போது அக்கா குறும்பாகக் கேட்டாள்: "படத்துக்குக் கீழ உன் பேரைப் போடட்டுமா, மாயெஸ்த்ரோ?"

நான் அவள் பையைப் பஸ்ஸில் ஏற்றினேன். இந்தப் படத்தையும் என் படம் என்று வகுப்புக்கு ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. இந்த டைரியிலாவது உண்மையை எழுதுகிறேன். ஃபிளாஷ் வில்மருடையது. கோணம் அக்கா பார்த்தது. பொத்தானை அழுத்தியதும் வில்மர்தான். நான் மழைக்குக் குடை பிடித்தேன். படத்தின் இடது மூலையில் கறுப்பாக ஒன்று தெரிகிறதே, அது குடையின் ஓரம்.

அது மட்டும் என்னுடையது.