எண்ணூறு மீட்டர் ஓட்டம் குறித்து விளக்கம் கோருதல்

மோதி பாக்,
புது டில்லி,
4.9.1981

அன்புள்ள அப்பாவுக்கு,

பவுனு எழுதுவது. அம்மா சௌக்கியம். ஷில்லாங் குளிருக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை பெட்டியிலேயே தூங்குகிறதா?

மண்டலப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்தேன். நவம்பர் 14 அன்று டில்லி அணிக்குத் தேர்வு. படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். 'முழுநேர மாணவியா?' என்று அதில் ஒரு கட்டம். நீங்கள் சேர்த்துவிட்ட தொழிற்பிரிவில், மத்தியானம் சுருக்கெழுத்துக்கு வேறு இடம் போகிறோமே, அதுதான் சந்தேகம். பி.டி. டீச்சர் விசாலாக்ஷி மிஸ், "சோடோ, விட்டுத் தள்ளு, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லே. காலியா விட்டுடு" என்றார். என் வகுப்பு ராஜாத்தியும் செல்வியும் போன வருஷம் அப்படித்தான் ஓடினார்கள்; இந்த வருஷமும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

கையெழுத்து மட்டும் போதும் அப்பா. இந்தப் படிப்பில் எனக்குப் பிடித்தது ஓடுவது ஒன்றுதான்.

உங்கள் மகள்,
பவுனு

ஷில்லாங்,
15.9.1981

சிரஞ்சீவி பவுனுக்கு அப்பாவின் ஆசிகள்.

கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து மனசு கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். நாளைக்கு எவனாவது மொட்டைக் கடிதாசி போட்டால் மெடலையே திருப்பி வாங்கிவிடுவார்கள். ஆகவே, தொழிற்பிரிவு மாணவிகள் பங்கேற்கலாமா என்று விளக்கம் கேட்டு விளையாட்டு அதிகாரிக்கு எழுதிவிட்டேன். நகல் தலைமையாசிரியைக்கு. நம் கையில் காகிதம் இருந்தால் ஒருவனும் அசைக்க முடியாது. தைரியமாக ஓடு.

அப்பா,
நல்லசிவம்

மோதி பாக்,
19.10.1981

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. தொழிற்பிரிவில் படிப்பவர்கள் முழுநேர மாணவிகள் அல்ல, பெயர்களை நீக்கவும் என்று உத்தரவு. என் பெயர், ராஜாத்தி பெயர், செல்வி பெயர், மூன்றும் போயிற்று. இத்தனை நாள் ஏன் ஓடவிட்டீர்கள் என்று மிஸ்ஸுக்கு மெமோ.

பொதுப்பிரிவுக்கு மாற்றுங்கள் என்று தலைமையாசிரியையிடம் அழுதேன். பன்னிரண்டாவதில் பாதியில் மாற வழியே இல்லையாம். இருந்தால் ஓட முடியாது, விட்டால் படிப்பே போகும்.

மிஸ் திட்டவில்லை. "உங்க அப்பாவை யாரும்மா கேக்கச் சொன்னா?" என்றார்.

பவுனு

ஷில்லாங்,
28.10.1981

சிரஞ்சீவி பவுனுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் நல்லதுக்குத்தான் செய்தேன்.

விதிவிலக்கு கேட்டு மனு தயாரித்து மூன்று பிரதி இணைத்திருக்கிறேன். பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு உடனே கொடு. மண்டலத்தில் முதலாவதாக வந்ததை எடுத்துக்காட்டியிருப்பதால் உனக்கு மட்டுமாவது கிடைத்துவிடும். மற்ற இரண்டு பெண்களைச் சேர்த்தால் கேஸ் பலவீனமாகும்.

அப்பா மேல் கோபமா? ஒரு வரி எழுதம்மா.

அப்பா

மோதி பாக்,
16.11.1981

அப்பாவுக்கு,

அணித் தேர்வு சனிக்கிழமையோடு முடிந்தது. நான் மனுவைக் கொடுக்கவில்லை. மூன்று பிரதியும் இத்துடன் இருக்கின்றன.

எழுதிக் கேட்டது நீங்கள்தான் என்று தெரிந்ததிலிருந்து ராஜாத்தியும் செல்வியும் என்னோடு பேசுவதில்லை. சுருக்கெழுத்து வகுப்பில் மூன்று பேருக்கும் ஒரே பெஞ்சு, நான் நடுவில். எனக்கு மட்டும் கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே எப்படிப் போய் உட்காருவேன்? மார்ச் வரை அதுதான் என் இடம்.

கோபமா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம்.

இனி பள்ளிக்கூட விஷயம் எதுவும் உங்களுக்கு எழுத மாட்டேன். எழுதினால், நீங்கள் யாருக்காவது எழுதிவிடுவீர்கள்.

பவுனு