ராகுகாலம் முடியும் வரை

1948 மே 22, சனிக்கிழமை.

தூக்கம் வரவில்லை. சந்தோஷந்தான் காரணம்.

போன மாதம் இலங்கைக்கு ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியபோது நான் பிரயாண இன்ஷூரன்ஸ் எடுத்ததற்கு இவருடைய அக்கா குதித்தாள். "கிளம்பறச்சேயே கால் ஒடியும்னு எவளாவது கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாளோ? அபசகுனம்!"

கண்டியில், ஏரிக்கரைப் படியில் வழுக்கி எனக்கு நிஜமாகவே கால் ஒடிந்தது. இவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான்தான் பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். ஆஸ்பத்திரிச் செலவு, மயிலாப்பூர் வரை துணைக்கு ஒரு நர்ஸ், எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொண்டது. அப்போதும் அக்கா, "அந்தக் காகிதம்தான் காலை ஒடிச்சுது" என்றாள்.

இன்று காலை வந்தாள். கதவைச் சாத்தினாள். பிள்ளையைப் பார்க்க அடுத்த வாரம் பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறாளாம்.

"அந்த ஃபாரம் இன்னொண்ணு இருக்கோடி? எங்காத்துல யாருக்கும் தெரிய வேண்டாம்."

இருந்தது. பேனாவையும் கொடுத்தேன்.

"இரு, ராகுகாலம். பத்தரைக்குமேல கையெழுத்துப் போடறேன்."

அப்போது மணி ஒன்பதுதான். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கண்டிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பத்தரை வரை சொன்னேன்.