ஒன்றும் சொல்லித்தராத வகுப்பு

ஜூன் 10, திங்கள்
பிள்ளைகளின் அடிதடியைக் குறைக்க எங்கள் நிறுவனத்தில் ஒரு பயிற்சி: கோபம் வந்தால் கைகளைப் பின்னால் கட்டு, மூச்சை இழுத்துவிடு, பிறகு பேசு. அது பலிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மகன் படிக்கும் பள்ளியில்தான் சோதனை; ‘அ’ பிரிவுக்குப் பயிற்சி உண்டு. ‘ஆ’ பிரிவுக்குச் சோதனை முடிந்த பிறகுதான். எதில் சண்டை குறைகிறது என்று ஒப்பிட வேண்டும். காசு சுண்டித்தான் பிரித்தேன். என் மகன் ‘ஆ’வில் மாட்டிக்கொண்டான். அவனைக் கணக்கில் சேர்க்கப்போவதில்லை. ஆனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா வேறு, “ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றே, சொந்தப் பிள்ளைக்குக் கிடையாதா?” என்கிறார். ஆராய்ச்சி என்றால் இந்த வீட்டில் யாருக்குப் புரிகிறது!

ஜூன் 12, புதன்
நாளை ஆசிரியர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். மகன் பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

ஜூலை 5, வெள்ளி
‘அ’ பிரிவில் சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது! துள்ளிக் குதித்தேன். பிறகு ‘ஆ’ பிரிவைப் பார்த்தேன். அங்கேயும் பாதி. வித்தியாசம் இல்லையென்றால் பயிற்சிக்கு மூடுவிழா, என் வேலைக்கும்தான். ஒன்றுமே சொல்லித்தராத வகுப்பில் எப்படிக் குறையும்?

ஜூலை 9, செவ்வாய்
இடைவேளையில் தண்ணீர்க் குழாயருகே நின்று கவனித்தேன். ‘ஆ’ பிரிவுப் பெண் ஒருத்தியை எவனோ இடித்துத் தள்ளினான். ஓங்கி ஒன்று வைக்கப்போகிறாள் என்று பார்த்தால் — கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூச்சை இழுக்கிறாள்!
“உங்க பையன்தான் ஆன்ட்டி சொல்லிக் கொடுத்தான். நீங்க கண்ணாடி முன்னாடி செஞ்சதைப் பார்த்தானாம்.”
போச்சு. எல்லாம் போச்சு. கெடுத்தவள் நானேதான்.
வீட்டில் அவனைக் கேட்டால், “யாருக்கும் சொல்லாதேன்னு நீ சொல்லவே இல்லையேம்மா” என்கிறான். சொல்லவில்லைதான்.

ஜூலை 10, புதன்
தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னதும் எங்கள் நிறுவன இயக்குநர்: “பையன் விஷயத்தை விடுங்க. ‘அ’ பிரிவுல பாதியாச்சுன்னு மட்டும் எழுதுங்க, போதும்.”
எனக்கு வந்ததே கோபம்! அப்புறம் நான் எதுக்கு? பொய்யை அளந்து பிள்ளைங்க தலையில கட்டவா? கத்த வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து மகன் வந்து, சும்மா இருந்த என் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்தான். மூச்சை இழுத்தேன். விட்டேன்.
“நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன் சார். வேற பள்ளிக்கூடத்துல முதல்லேர்ந்து பார்ப்போம்.”
பயிற்சி பலிக்கிறது என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது. ஆனால் ஒரே ஆளை வைத்து முடிவு சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி
‘ஒப்பிட இயலவில்லை. காரணம்: மதிப்பீட்டாளரும் அவர் மகனும்’ என்றே அறிக்கையில் எழுதியிருந்தேன். பணம் தருபவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரித்த கையோடு இன்னொரு வாய்ப்பும் தந்துவிட்டார்கள். புதுப் பள்ளி, ஆற்றுக்கு அக்கரையில். காசு சுண்டியாகிவிட்டது.
சாப்பிடும்போது மகன் விசாரித்தான்.
“அங்கேயும் ஒரு கிளாஸுக்குச் சொல்லித்தர மாட்டியாம்மா?”
“இப்போதைக்கு இல்லை.”
“பாவம்மா அவங்க.” ஒரு வாய் சோற்றைப் போட்டுக்கொண்டான். “அங்கே எந்த பஸ் போகும்?”