ஃபியூஸுக்கு வைத்த பரீட்சை

அன்புள்ள பெரிய பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே அந்தக் குளிரிலும் வேலையிலும் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலம், அம்மா நலம், நம் நாய் ஃபியூஸ் எங்கள் இரண்டு பேரையும் விட நலம், போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு சுற்றுப் பெருத்தே விட்டது, அதற்குக் காரணம் நான்தான். அம்மா உனக்கு போனில் சொல்வதற்குள் நானே எழுதிவிடுவது மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன், அவள் சொன்னால் சிரித்துச் சிரித்துப் பாதிக் கதையை விட்டுவிடுவாள், விட்ட பாதியில்தான் என் மானம் இருக்கும். விஷயம் இதுதான். ஐம்பத்தெட்டு வயது ஆள், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணைப் பெற்றவன், குளியலறைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, உன் வருங்கால மாமனார் ஆசையாகக் கொண்டுவந்த கறியைத் துண்டு துண்டாக நாய்க்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டேன். அது நாய்க்கறியா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் பாடு.

நீ அந்தப் பையனைப் பற்றி எழுதிப் பதினாலு மாதம் ஆகிறது. உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போட்டேன், தலைவலிக்கு வைத்தியம் சொன்னேன், உன் ஃப்ரிட்ஜில் சத்தம் வருகிறது என்றதற்கு நாலு பக்கம் எழுதினேன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் போடவில்லை. தூரம் என்றேன், பாஷை என்றேன், அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை என்று அவள் தலையில் கூடப் போட்டேன். உண்மையான காரணம் நீ வெகுளியாக எழுதிய ஒரு வரி. அவர்கள் ஊர்ச் சந்தையில் நாய்க்கறிக் கடை ஒன்று உண்டு, அந்தப் பையனின் தாத்தா அங்கே வாடிக்கைக்காரர் என்று எழுதியிருந்தாயே, அது. அதை நான் சத்தமாகப் படித்தது தப்பு, உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அதைவிடத் தப்பு. "நாய் தின்ற வீட்டுக்கா பொண்ணைக் குடுப்பே? நாளைக்கு உன் பேரப்பிள்ளை உன்னைப் பார்த்து வாலாட்டும்டா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கு அம்மா, "நீங்க ஆட்டுத் தலையை வாங்கிக் கண்ணை உறிஞ்சும்போது அந்த ஆடு உங்களைப் பார்த்துக் கண்ணடிச்சுதா அண்ணி?" என்று கேட்டாள். நான் வழக்கம்போல் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூக்கைப் பொத்திக்கொள்ள எனக்கு அருகதையே கிடையாது. முப்பத்தொரு வருஷமாக ஊரார் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கிறவன் நான். ஒரு குடும்பத்தைப் பற்றி அவர்கள் கூடம் சொல்வது ஒன்று, ஃப்ரீஸர் சொல்வது இன்னொன்று. முட்டை வாசனையே ஆகாது என்கிற வீட்டில் காய்கறித் தட்டுக்கு அடியில் ஆறு முட்டையைத் துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு டாக்டர் வீட்டில் தவளைக் கால், கப்பலில் வேலை பார்க்கிறவர் வீட்டில் நத்தை, இன்னொரு வீட்டில் குதிரைக்கறி, அவர்களே சொன்னார்கள். எதைப் பார்த்தாலும் முகம் மாறக் கூடாது, கேஸ் நிரப்பினோமா, கதவு ரப்பரைத் துடைத்தோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டும், எங்கள் தொழிலுக்கு அதுதான் மரியாதை. ஊர் வீட்டிலெல்லாம் மாறாத முகம் சொந்த வீட்டில் மாறிவிட்டது பார்.

உன் வருங்கால மாமனார் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். நான் பதிலே போடாததால், ஒரு வாரம் முன்பு எங்களுக்கு மட்டும் போனில் சொல்லிவிட்டு, மகனுக்குக் கூடச் சொல்லாமல் தானே கிளம்பி வந்துவிட்டார். நம் பாஷை பேசுகிறார் என்று நீ எழுதியிருந்தாய், எப்படிப் பேசுவார் என்று எழுதவில்லை. பதினொரு வருஷம் வார்ப்படப் பட்டறையில் நம் ஆட்களோடு வேலை பார்த்துக் கற்றுக்கொண்ட பேச்சு. பெண்களிடம் மட்டும் வாங்க போங்க, கேன்டீன் அம்மா கரண்டியைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாராம். ஆண்கள் எல்லாரும் அவருக்கு 'டா'தான். வாசலில் நின்று அம்மாவுக்கு இரண்டு கையும் கூப்பி "வணக்கம் அக்கா" என்றார், என் பக்கம் திரும்பி "எப்படிடா இருக்கே மச்சான்" என்றார். சம்பந்தி என்று கூப்பிடலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக நான் பட்ட கவலையெல்லாம் அதோடு தீர்ந்தது. கையில் ஒரு ஐஸ் பெட்டி, அதற்குள் மூடி போட்ட பாத்திரம். "நானே சமைச்சது அக்கா, எங்க வீட்டுப் பக்குவம். ஃப்ரிட்ஜ்ல வைங்க, மதியம் சூடு பண்ணிக்கலாம்" என்றார். அம்மா வாங்கி வைத்துவிட்டு, உன் பள்ளிக்கூடப் படங்களைக் காட்ட அவரை மாடிக்குக் கூட்டிப் போனாள். ஃபியூஸ் அவர் கண்ணில் படக் கூடாதென்று நான் காலையிலேயே குளியலறைக்குப் பின்னால் கட்டிவைத்திருந்தேன், அந்தக் கேவலத்தையும் எழுதிவிடுகிறேன்.

அவர்கள் மாடி ஏறியதும் ஃப்ரிட்ஜிலிருந்து பாத்திரத்தை எடுத்து மூடியைத் திறந்தால் கருகருவென்று கறி, மெல்லிசு மெல்லிசாக எலும்பு. பிறந்ததிலிருந்து ஆட்டெலும்பு கடித்தவனுக்கு ஆட்டெலும்பு தெரியாதா, இது அது இல்லை என்று என் புத்தி அடித்துச் சொன்னது. நாய் நாயைத் தின்னாது என்று யாரோ எப்போதோ சொன்னது வேறு நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. பாத்திரத்தோடு குளியலறைக்குப் பின்னால் போய் ஒரு துண்டு போட்டேன், ஃபியூஸ் விழுங்கியது. அவசரத்தில் விழுங்கியிருக்கும், ருசி பார்த்திருக்காது என்று இன்னொன்று போட்டேன். சந்தேகம் தீர மூன்றாவது. அப்படியே பாத்திரத்தின் அடி தெரிந்துவிட்டது. நிமிர்ந்தால் அவர் நிற்கிறார், கையில் உன் ஆறாம் வகுப்புப் படம், பின்னால் அம்மா. நம் நாயைப் பற்றி மகன் முன்பே சொல்லியிருந்தானாம், அதைப் பார்க்க வேண்டும் என்று இறங்கி வந்திருக்கிறார். "என்னடா மச்சான், நாய்க்கு விருந்தா?" என்றார். கறி கெட்டுப் போச்சு என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், "ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வீட்டு ஃப்ரிட்ஜ்லயா? கால் மணி நேரத்துலயா?" என்றார். பாப்பா, முப்பத்தொரு வருஷத் தொழிலில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

உண்மையைச் சொன்னேன். நாய்க்கறியோ என்று சந்தேகம், நாய் தின்றால் இல்லை என்று அர்த்தம், அதனால் போட்டுப் பார்த்தேன் என்றேன். அம்மா, "இது தின்னாததுன்னு ஒண்ணு இருக்கா? போன மாசம் உங்க செருப்பைத் தின்னுச்சு, அப்ப அது செருப்பு இல்லையா?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். இதோ பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறார், உன் வாழ்க்கையை ஒரு பாத்திரக் கறியில் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் ஃபியூஸின் காதைத் தடவிக்கொண்டே, "நாய் நாயைத் தின்னும்டா மச்சான். எங்க ஊர்ச் சந்தைல அந்தக் கறிக்கடைக்குப் பின்னாடி நானே பார்த்திருக்கேன்" என்றார். என் பரீட்சை அதோடு போச்சு. பிறகு மெதுவாகச் சொன்னார். முதல் நாளே வந்து ரயிலடிப் பக்கம் விடுதியில் தங்கியிருக்கிறார். நம் தெருமுனைக் கறிக்கடையில் போய், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வீட்டில் எது வாங்குவார்கள் என்று விசாரித்திருக்கிறார். கடைக்காரர் இளம் ஆட்டுக்குட்டியின் விலாவை நறுக்கிக் கொடுக்க, விடுதிச் சமையல்காரரைக் கெஞ்சி அடுப்பை வாங்கி, விடியற்காலையில் எழுந்து சமைத்திருக்கிறார். நமக்கு மூன்றாவது வீட்டுக் கடைக் கறி, பாப்பா. அதைத்தான் எலும்பு தெரிந்த உன் அப்பன் நாய் என்று தீர்ப்புச் சொன்னான்.

நாய்க்கறி தின்றதே இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. "தின்னிருக்கேன். இப்பவும் பெரியவங்க வீட்ல வெச்சா தின்னுவேன். உன் பொண்ணு தட்டுல யாரும் வைக்க மாட்டாங்க, அவ இருக்கும்போது மேசைக்கே வராது. இதைச் சொல்லத்தான் வந்தேன், கடுதாசில எழுதினா நீ நம்ப மாட்டே" என்றார். பொய் சொல்ல வசதியான இடத்தில் உண்மை பேசுகிற மனுஷன் என்று அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வையின் அர்த்தம் உனக்குத் தெரியும்.

அவருடைய கறி ஃபியூஸ் வயிற்றில் இருந்ததால் மதியம் அம்மா சமைத்தது மட்டும்தான். குழம்பு, பொரியல் எல்லாம் நன்றாகச் சாப்பிட்டார். கடைசியில் அம்மா தயிரை எடுத்தாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பட்டறைக் கேன்டீனில் பதினொரு வருஷமும் தயிர் வந்தால் எழுந்து போய்விடுவாராம். "மாட்டோட பாலைக் கறந்து, அதைப் புளிக்கிற வரைக்கும் விட்டு... எப்படிடா வாயில வைக்கிறீங்க?" என்றார். வேண்டாம் விடுங்கள் என்று அம்மா கிண்ணத்தை இழுத்தாள். அவர் விடவில்லை. "என் கறியை அவன் ஒரு துண்டு கூடத் தின்னலை அக்கா. நானாவது உங்க வீட்டுதை முழுசாத் தின்னுட்டுப் போறேன்" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கரண்டி விழுங்கினார். கண்ணோரத்தில் தண்ணீர். குழந்தை மருந்து குடிக்கிற மாதிரி, பாப்பா. அதற்கு மேல் நான் என்ன யோசிப்பது. நாள் பார்த்துச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம் என்றேன். பதினாலு மாதமாக வராத வார்த்தை தயிர் போட்டதும் வந்துவிட்டது. அவர் வாயைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார், என் நல்ல சட்டையில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது. அம்மா துவைக்க எடுத்தாள், இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் அத்தை வந்து துருவினாள், அவர் என்ன கொண்டுவந்தார் என்று. நல்ல கறி, ஃபியூஸைக் கேட்டுப் பார் என்றேன்.

உனக்குத்தான் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாமல், எங்களை மீறாமல், பதினாலு மாதம் என் மழுப்பலையெல்லாம் படித்துக்கொண்டு காத்திருந்தாய். அவருக்கு நானும் எழுதுகிறேன், நீயும் போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வா. அவர் தட்டில் தயிர் வைக்காதே. சூடாக எதையும் ஃப்ரிட்ஜில் வைக்காதே, கதவு ரப்பரை மாதம் ஒரு முறை வெந்நீர்த் துணியால் துடை. நீயும் அந்தப் பிள்ளையும் நூறு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து, அவரவருக்குப் பிடித்ததைச் சாப்பிட்டு, ஒருவர் தட்டை ஒருவர் முறைக்காமல் வாழ வேண்டும், அப்பா அம்மா ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டாதே, கீழே உள்ளதை நானே கல்யாணத்தன்று சொல்கிறேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார், "நான் சொல்லிட்டேன். நீ தின்னதுலயே வெளியே சொல்ல முடியாதது எதுடா மச்சான்?" என்று. என் அக்கா சமையல் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், தப்பித்தேன். உன் தாத்தா தானியக் கிடங்கில் காவல்காரர் என்பது உனக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயதில் அந்தக் கிடங்கு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது, வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. அப்போது தாத்தா கிடங்கிலிருந்து எலி பிடித்து வருவார், என் அம்மா அதை முயல் என்று சொல்லிப் போடுவாள். அந்தப் பக்கம் முயலே கிடையாது, எலிப்பொறி கதவுக்குப் பின்னால் தொங்கும், எனக்குத் தெரியும். பெரியவனான பிறகு எலிக்கறி என்று யாராவது சொன்னால் முதலில் காறித் துப்புகிறவன் நான். ஒரு தடவை ஒரு வீட்டு ஃப்ரீஸரில் உரித்த எலி நாலு இருந்தது, அந்த மனிதர் என் முகத்தையே பயந்து பயந்து பார்த்தார், நான் ரப்பர் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நானும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் முகம் தெளிந்திருக்கும். உன் அம்மாவுக்கே தெரியாது. பசிக்குத் தின்றேன் என்பதைக் கூட ஒரு நாள் சொல்லிவிடலாம். அது நன்றாக இருந்தது என்பதைத்தான் இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அன்று இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்ற
உன் அப்பா