வாசலில் யார் அழைப்பது?

12 யூலை 2010, திங்கள்

நித்திரை வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

போர் முடிந்து பாதை திறந்ததிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா பஸ் விடத் துடிக்கிறேன். இன்று இங்கே கனடாவில் சுற்றுலாத் தொழில் பயிற்சி வகுப்பில் அந்தத் திட்டத்தைச் சொன்னேன். பஸ், ஹோட்டல் ஏற்பாடு, வழிகாட்டி எல்லாம் கொழும்பிலிருந்து என்றேன், பெருமையாக.

நியூசிலாந்திலிருந்து வந்திருந்த, அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். சொந்த ஊரில் தன் சனத்தை வைத்தே சுற்றுலா நடத்துகிறவர்.

“எங்கள் பெண்ணொருத்தி குரல்கொடுத்து அழைக்கும்வரை விருந்தாளி வாசலில்தான் நிற்பார். உங்கள் பஸ்சை யார் அழைப்பது?”

“நான்தான்.”

“நீங்கள் பஸ்சுக்குள் அல்லவா இருக்கிறீர்கள்?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

இரவு அஜின்கோர்ட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்ததும் பருத்தித்துறையில் இருக்கும் சித்தப்பா மகள் ராணிக்குப் போன் எடுத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. இதை நீதான் தலைமை தாங்கி நடத்தவேண்டும் என்றேன்.

“பஸ் எங்கை நிக்கும், எங்கை நிக்காது எண்டு நான்தான் சொல்லுவன். சில இடங்களிலை ஒருத்தரும் படம் எடுக்கக்கூடாது. சரியோ அண்ணை?”

“ஓம்.”

“அப்ப வாங்கோ.”

வாங்கோ. எத்தனை தரம் எழுதினாலும் போதவில்லை.