கனிஷ்கா பேருக்கு விழுந்த கார்

சுங்குவார்சத்திரம்,
27.4.2025

அன்புள்ள பேத்தி கனிஷ்காவுக்கு,

தாத்தா ரகுபதி எழுதுவது. நானேதான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துச் சொல்லித் தரும் சாயங்கால வகுப்பு டீச்சர் ரஞ்சனி பக்கத்தில்கூட இல்லை. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் நன்றாக இருக்கிறது. இங்கே வெயிலைத் தவிர குறை ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் பரீட்சை எப்படிப் போகிறது?

நீ இப்போதெல்லாம் வீட்டு போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். நடந்தது உனக்குத் தெரியும். எனக்கு எழுதிப் பார்க்க ஆசை.

உன் அப்பன் திருமலை பெரும்புதூர் கடையில் பிரிட்ஜ் வாங்கினான். கொடுத்த கூப்பனில், உனக்கு ராசியான கை என்று உன் பெயரை எழுதிப் போட்டான். குலுக்கலில் கார் விழுந்தது. காரின் விலையில் நூற்றுக்கு முப்பது வரியாம். ஜெயித்தவர் அதை முதலில் கட்டினால்தான் சாவி என்று கடை மேனேஜர் சொன்னார். ஜூன் பதினைந்து தாண்டினால் கார் அடுத்த கூப்பனுக்குப் போய்விடும். "தாத்தா பேருக்கு மாத்திடலாம் சார். அவருக்கு இன்னா வருமானம் கீது, வரி போட?" என்றான் உன் அப்பன். மேனேஜர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று எங்களுக்குப் புரியவில்லை.

நீ காரே வேண்டாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டாயாம். "கார் செய்ற ஊர்ல பொறந்துட்டு கார் வாணான்றா பாரு" என்று உன் அப்பன் கத்தினான். ஏன் வேண்டாம்? எழுது. எனக்கு இதுவரை யாரும் கடிதம் போட்டதில்லை.

உன் தாத்தா,
ரகுபதி


கோயம்புத்தூர்,
3.5.2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதியில் எல்லோருக்கும் காட்டினேன். என் பெயரில் 'ஷ்' மட்டும் வீடு மாதிரி பெரிதாக நிற்கிறது.

மேனேஜர் சிரித்த காரணம் இதுதான். குலுக்கல் பரிசுக்கு, வருமானம் உள்ளவர் இல்லாதவர் என்ற வித்தியாசம் கிடையாது. கலெக்டருக்கு விழுந்தாலும் உங்களுக்கு விழுந்தாலும் அதே முப்பதுதான். பெயரை மாற்றவும் முடியாது. எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் அப்பாவின் வருமானத்தோடும் சேராது. இன்னும் அப்பா போடும் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் வரிக்கு நான் தனி ஆள். என் பான் எண்ணில் கட்டி, அடுத்த வருஷம் நானே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

இனிமேல் எழுதுவது உங்களுக்கு மட்டும். புனேயில் எம்.எஸ்சி. சேர எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. டிகிரியோடு போதும் என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார். காரை எடுத்த கையோடு விற்றால், வரி கட்டிய பணத்தை அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்தது போக என் படிப்புக்கு மிஞ்சும். ஆனால் கேட்க வாய் வரவில்லை. அப்பா ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி, கடை வாசலில் நிற்கும் அந்தக் காரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாராம். அம்மா ஒரு நாள் சொன்னாள். பதினெட்டு வருஷம் லைனில் நின்று கார்க் கதவு மாட்டியவரிடம், விற்றுவிடலாம் என்று எப்படிச் சொல்வேன்? வேண்டவே வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
கனிஷ்கா


சுங்குவார்சத்திரம்,
9.5.2025

அன்புள்ள கனிஷ்காவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தபால்காரர் பாபு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு என் கையிலேயே கொடுத்தார். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வாய்விட்டுத்தான் வாசிக்க வரும். எழுத்துக் கூட்டிச் சத்தமாகச் சொன்னால்தான் அது என்ன வார்த்தை என்று என் காதுக்குத் தெரியும். வாசலில் உட்கார்ந்து வாசித்தேன். 'உங்களுக்கு மட்டும்' என்ற இடம் வந்தபோது உன் அப்பன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிறுத்தியிருக்கலாம். ஆனால் நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் கடைசி வரை வாசித்தேன். சொல்லிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்து.

"இன்னா மாமா, மைக் வெச்சா மாரி படிக்கிறீங்க" என்றாள் உன் அம்மா ஜோதி.

"படிக்கட்டும். நான் கார பாக்கப் போறது உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டான் அவன்.

"ஊருக்கே தெரியும். கடை செக்யூரிட்டி உன்ன கார் மாப்ளன்னுதான் கூப்டறானாம்."

அவன் கை கழுவினான். புனே எங்கே இருக்கிறது என்று கேட்டான். மராட்டிப் பக்கம் என்றாள் ஜோதி. மறுநாளிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறான்.

உன் தாத்தா,
ரகுபதி


கோயம்புத்தூர்,
14.5.2025

தாத்தா,

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. காரை அடுத்த கூப்பனுக்கே விட்டுவிடச் சொல்லுங்கள். புனேயும் வேண்டாம். நான் வேலை தேடிக்கொள்கிறேன். முப்பதாம் தேதி பரீட்சை முடிகிறது. எங்கே வருவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கனிஷ்கா


சுங்குவார்சத்திரம்,
24.5.2025

அன்புள்ள கனிஷ்காவுக்கு,

இந்தத் தடவை உன் கடிதத்தை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வாசித்தேன். அங்கே ஆடுகள் மட்டும் இருந்தன.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தேன். நேற்று உன் அப்பன் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். மாதாமாதம் கட்டிவந்த சீட்டை ஏலத்தில் நிறையத் தள்ளுபடி விட்டு முன்கூட்டியே எடுத்திருந்தான். உன் பெயரில் வரிப் பணத்தைக் கட்டினான். மேனேஜர் காகிதத்தை எடுத்து வைத்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"சார், நீங்க இல்ல. ஜெயிச்சவங்க போடணும்."

"நான் அவ அப்பன்."

"தெரியும் சார். அவங்க மேஜர்."

"எல்கேஜிலேர்ந்து ஆஸ்டல் வரைக்கும் எல்லாத்துக்கும் நான்தான் போட்டேன்."

"இதுக்கு வாணாம் சார்."

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டான். வெளியே வரும்போது காரின் பக்கம் திரும்பவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்ததும் சொன்னான்: "எழுதுப்பா. பரீட்ச முடிஞ்சு வூட்டுக்கு வரச் சொல்லு. வந்து கையெழுத்து போட்டுட்டு, வித்துட்டு புனேக்குப் போகட்டும். சீட்டுப் பணத்த மட்டும் குடுத்துட்டா போதும்."

டீயைப் பாதி குடித்துவிட்டு, "டிரைவர் யாரையாவது வெச்சு, விக்கறதுக்கு முன்னாடி நம்ம வாசல் வரைக்கும் ஒரு தபா எட்த்தாரச் சொல்லு" என்றான்.

காசு கொடுத்துவிட்டு எழுந்த பிறகு, "வாணாம். கடசியா சொன்னது எழுதாத" என்றான்.

எழுதிவிட்டேன். அடித்தால் தாள் பாழாகிவிடும்.

உன் தாத்தா,
ரகுபதி