படகின் அடியில் மூன்று வட்டம்

என் மைத்துனனின் அக்காவுக்கு,

குறுக்கே பேச ஆளில்லாததால் இந்த ஒரு கதையையாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். மைத்துனனிடம் இரவல் வாங்கிய அலுமினியப் படகைப் பாறையில் இடித்துவிட்டு, தானே சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்தார். அவர் மனைவி கெட்டிக்காரி. படகைப் பெஞ்சுகளின் மேல் ஏற்றி, உள்ளே நீரை ஊற்றி, அடியில் குனிந்து பார்த்து, ஒழுகிய மூன்று ரிவிட் ஆணிகளைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டாள். "இந்த மூணை மட்டும் தட்டுங்க. மத்ததத் தொடாதீங்க" என்றாள்.

வாத்தியார் நீரை வடித்துப் படகைக் கவிழ்த்தார். கரும்பலகையைத் துடைக்காமல் அவருக்கு எந்தக் காலத்தில் வேலை ஓடியது? ஈரத்துணியால் அடிப்புறம் முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் சுத்தியலை எடுத்தார். குத்துமதிப்பாகத் தட்டினார். இப்போது ஏழு இடத்தில் ஒழுகுகிறது. ஒன்று நின்றால் பக்கத்தில் இன்னொன்று தொடங்குகிறது. அது போதாதென்று, "நீ வட்டமே போடல" என்று மனைவியிடமே சாதித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

வட்டம் போட்டிருந்தாய். துணியெல்லாம் சாக்பீஸ் வெள்ளை.

நான் ரிவிட் வாங்கப் போகிறேன். சோறு மூடியிருக்கிறது. படகு இருக்கும் கொட்டகையின் சாவி கடிகாரத்தின் பின்னால். உன் தம்பி நாளைக் காலையில் படகை எடுக்க வருகிறான். மறுபடியும் நீர் ஊற்றி வைத்திருக்கிறேன். என் கண்ணாடிக்கு ரிவிட்டும் நீர்த்துளியும் ஒன்றாகவே தெரிகின்றன. தயவுசெய்து இன்னொரு முறை வட்டம் போடு.

பி.கு.: அந்தத் துணியை எங்காவது ஒளித்து வை. கேட்டாலும் எனக்குச் சொல்லாதே.